குங்குமப் பொட்டு வைத்த கேபிள்

என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் ஒரு நீலக் கேபிள் சுருண்டு கிடக்கிறது. ஒரு முனையில் காய்ந்துபோன சந்தனம், அதன் மேல் கறுத்துப்போன குங்குமப் பொட்டு. நடுவில் ஒரு காகிதச் சீட்டைச் சுற்றி செல்லோடேப் ஒட்டியிருக்கிறது. அந்தச் சீட்டில் சிவப்பு மையில், முத்து முத்தான எழுத்தில், ‘யாரும் தொடக் கூடாது’ என்று எழுதியிருக்கிறது. எழுதியவர் எங்கள் பழைய ஐ.டி. மேனேஜர். அவரிடம் ஏழு வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். அந்த ஆளிடம் நான் கண்ட ஒரே நல்ல விஷயம் அந்தக் கையெழுத்துதான்.

ஒரகடத்தில் எங்கள் கம்பெனி காருக்கு இருக்கைகள் செய்கிறது. இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் உள்ள கார் தொழிற்சாலையில் எந்த வரிசையில் கார் வருகிறதோ அதே வரிசையில் நாங்கள் இருக்கைகளை லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டும். ஒவ்வொரு இருக்கைக்கும் ஓர் எண். அந்த எண்ணை அச்சடித்த லேபிள் ஒட்டாமல் ஒரு இருக்கைகூட வெளியே போகாது. எண்ணைக் கொடுப்பது எங்கள் சர்வர். அது ஒரு நாள் படுத்துக்கொண்டால் லேபிள் வராது, லாரி நகராது, அங்கே கார் லைன் நின்றுவிடும். இதையெல்லாம் யோசித்துத்தான் எங்கள் முதலாளி ஒரு முடிவெடுத்தார். இரண்டாவதாக ஒரு சர்வர் வாங்க வேண்டும், முதல் சர்வரில் எழுதப்படுவதெல்லாம் உடனுக்குடன் இரண்டாவதிலும் பதிவாக வேண்டும், முதலாவது விழுந்தால் இரண்டாவது தானாக வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கென்று விற்கப்படும் மென்பொருள்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு மேனேஜரிடம் வந்தது. அன்றைக்கே எங்களுக்குச் சனி பிடித்தது என்று இப்போது தோன்றுகிறது.

மேனேஜர் சர்வர் அறைக்குள் ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் நுழைவார். தூசிக்குப் பயந்து அல்ல, பக்தியால். உள்ளே போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஒரு பொத்தானைக்கூட அவர் அழுத்தி நான் பார்த்ததில்லை. ஏதாவது கேட்டால், “எல்லாம் பச்சையா இருக்கா? அப்ப விடுப்பா” என்பார். சிவப்பு, மஞ்சள் எல்லாம் அவருக்கு மேலதிகாரிகளின் முகம் மாதிரி. அவை தென்படாமல் பார்த்துக்கொள்வதுதான் உத்தியோகம் என்று மனதார நம்பினார். மென்பொருள் தேர்வுக்காக ஓர் எக்செல் தாள் தயாரித்தார். அதில் கிட்டத்தட்ட ஐம்பது வரிசைகள். திரை பார்க்க எப்படி இருக்கிறது, விற்பவர்கள் எப்படி உடுத்தியிருக்கிறார்கள், பேச்சில் பணிவு இருக்கிறதா என்பதற்கெல்லாம் மார்க் உண்டு. முதல் சர்வர் விழுந்தால் இரண்டாவது நிஜமாகவே எழுந்து நிற்குமா என்ற கேள்வி மட்டும் அந்த ஐம்பதில் எங்குமே இல்லை. அதை நான்தான் தட்டச்சு செய்தேன். எனக்கும் அப்போது அது உறைக்கவில்லை.

மூன்று கம்பெனிகள் செய்து காட்ட வந்தன. லேபிள் அச்சடிப்பது, சரக்கை ஏற்றி அனுப்பும் டிஸ்பேட்ச் பிரிவு என்பதால் அங்கிருந்து ஒருவர் உட்கார வேண்டும் என்று லேபிள் மிஷின் ஆபரேட்டரான ஓர் அக்காவை அழைத்திருந்தார்கள். காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்துக்காரர். ஆறு வருஷமாகக் காண்ட்ராக்டில் இருந்தார். லேபிள் மிஷினின் ஒவ்வொரு சத்தத்துக்கும் அர்த்தம் தெரிந்தவர். ரிப்பன் தீரப் போகிறதென்றால் அது தீர்வதற்கு முன்பே எங்களுக்குப் போன் வந்துவிடும். மீட்டிங் அறையின் குளிரில் யூனிபார்ம் கோட்டின் கைகளை இழுத்துவிட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். முதல் கம்பெனிக்காரர் மேகம், அம்புக்குறி என்று ஒரு மணி நேரம் படம் காட்டி முடித்ததும், யாருக்காவது சந்தேகம் உண்டா என்று கேட்டார். அக்கா கையைத் தூக்கினார்.

“சார், இப்போ அந்த ஒயர புடுங்கினா இன்னா ஆவும்?”

அறையே சிரித்தது. மேனேஜர் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, “ஏம்மா, ஓடிக்கிட்டு இருக்கறதை யாராவது புடுங்குவாங்களா?” என்றார். அக்கா சிரிக்கவில்லை. “தானா புடுங்கிக்கினா இன்னா ஆவும்னு கேக்கறேன் சார்” என்றார். அதற்குள் டீ வந்துவிட்டது.

இரண்டாவதாக வந்தவர் வெயிலில் பைக்கில் வந்திருந்தார், ஷூவெல்லாம் செம்மண். படம் எதுவும் கொண்டுவரவில்லை. அக்கா அதே கேள்வியை அவரிடமும் கேட்டார். அவர் எழுந்து நின்று, “வாங்கம்மா, புடுங்கிப் பாத்துரலாம். என் மென்பொருளை ஒரு வாரம் போட்டு விடுங்க, லைன் ஓடும்போதே புடுங்குங்க. லேபிள் நின்னா நான் திரும்பி வரல” என்றார். மேனேஜரின் முகம் வெளுத்துவிட்டது. அந்த மனிதர் போனதும், “ரவுடி மாதிரி பேசறான்” என்றார். எக்செல் தாளில் பணிவு என்ற கட்டத்தில் அவருக்குப் பூஜ்யம் விழுந்தது.

மூன்றாவது கம்பெனி எங்களை நெடுஞ்சாலை ஓட்டல் ஒன்றுக்கு மதிய விருந்துக்கு அழைத்துச் சென்றது. அக்காவை அழைக்கவில்லை. விருந்து முடிந்து அவர்கள் காட்டியது சுவர் அளவுக்கு ஒரு டி.வி. திரை. அதில் இரண்டு சர்வர்களின் படம், நடுவில் ஓடுகிற ஒளிக்கோடு, சுற்றிலும் பச்சை விளக்குகள். மேனேஜர் வாயில் ஈ போவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். “இதை ரிசப்ஷன்ல மாட்டலாமா?” என்றுதான் முதலில் கேட்டார். மாட்டலாம் என்றார்கள். அத்துடன் தேர்வு முடிந்தது. எத்தனையோ பேர் வீட்டுக்கு ஒரு மிக்சி வாங்குவதற்குக் கடையில் போட்டு ஓட்டிப் பார்க்கிறார்கள். ஒரு தொழிற்சாலையின் உயிர்நாடியை வாங்கப் போன மனிதர் அதன் கலரைப் பார்த்து வாங்கினார்.

மென்பொருளைக் குறை சொல்ல மாட்டேன். எங்களைப் போன்றவர்கள் கையில் சிக்கியது அதன் தலையெழுத்து. வருஷத்துக்கு ஒருமுறை சோதனை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. மேனேஜர் அதற்கு ஆயுத பூஜை நாளைக் குறித்தார். அன்றைக்குத்தான் லைன் ஓடாது, அன்றைக்குத்தான் எதுவும் கெட்டுப்போகாது. தண்ணீர் இல்லாத நாளாகப் பார்த்துப் படகைச் சோதிப்பது போன்ற காரியம். எல்லா மிஷினையும் கழுவித் துடைத்து, வாழைக்கன்று கட்டி, சர்வருக்கும் அதை லேபிள் மிஷினோடு இணைக்கும் அந்த நீலக் கேபிளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, அப்புறம் முதல் சர்வரைப் பதமாக அணைத்து இரண்டாவதைக் கையால் எழுப்புவோம். வேலையே இல்லாத சர்வர் சொகுசாக எழுந்து பச்சை காட்டும். போட்டோ எடுப்போம். நான் அறிக்கையில் கையெழுத்துப் போடுவேன்.

அதோடு விடவில்லை. பூஜையில் வைத்தது மறுநாள் மறுபூஜை வரை ஓய்வெடுக்க வேண்டும் என்பதால், இரண்டு சர்வர்களுக்கும் இடையே நடக்கிற நகலெடுப்பையும் நிறுத்தி வைக்கச் சொல்வார். முதல் வருஷம் அப்படி நிறுத்தியதும் ரிசப்ஷன் திரை சிவப்பாகிவிட்டது. பொரி தட்டோடு வந்த முதலாளி அதைப் பார்த்துப் புருவம் சுருக்கினார். நல்ல நாளும் அதுவுமாகச் சிவப்புக் காட்டலாமா? மேனேஜர் மறுநாளே மென்பொருள்காரர்களைப் பிடித்து, நகலெடுப்பை நாமாக நிறுத்தி வைத்தால் திரை பச்சையாகவே இருக்கும்படி மாற்றி வாங்கினார். அந்தச் சாதனையை எங்களிடம் பெருமையாகவும் சொன்னார். புகை எழுந்ததும் கத்துகிற மணியின் வாயில் துணி அடைத்தது மாதிரி என்று எனக்கு அப்போதே தோன்றியது. தோன்றியதை விழுங்கிக்கொண்டேன்.

அக்காவும் பூஜை செய்வார். அது வேறு மாதிரி இருக்கும். பூஜை விடுமுறை முடிந்து லைன் ஏறும் காலையில் வருகிற முதல் லேபிளை இரண்டாக அச்சடித்து, ஒன்றை இருக்கையில் ஒட்டிவிட்டு, இன்னொன்றை டிஸ்பேட்ச் சுவரில் சாமி படத்துக்குக் கீழே ஒட்டி அதற்கு ஒரு பொட்டு வைப்பார். வருஷத்துக்கு ஒன்றாக அங்கே வரிசையாக ஒட்டியிருக்கும். அடுத்த நிமிஷம் மிஷினைத் தட்டி வேலையைத் தொடங்கிவிடுவார்.

எல்லாம் கவிழ்ந்த வருஷம், பூஜை முடிந்து வந்த அன்றே கார் கம்பெனியிலிருந்து ஆடிட்டர்கள் வந்துவிட்டார்கள். நிறுத்திய நகலெடுப்பைத் திரும்பத் தொடங்குவது என் வேலை. மேனேஜர், “ஆடிட் முடியற வரைக்கும் எதையும் தொடாதே, பச்சையா இருக்குல்ல” என்றார். ஆடிட் முடிந்தது. நான் மறந்துபோனேன். கார்த்திகையில் ஒரு நாள் திரையின் மூலையில் எறும்பு மாதிரி இருந்த எழுத்தைத் தற்செயலாகப் படித்தேன். கடைசியாக நகலெடுத்த தேதி என்று ஆயுத பூஜை நாளைக் காட்டிக்கொண்டிருந்தது. மேனேஜரிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. “இப்ப தொடங்கினா மொத்தமும் காப்பி ஆகணும், சிஸ்டம் மந்தமாகும், ஏன்னு கேள்வி வரும். பொங்கல் லீவுல பாத்துக்கலாம்பா. யாருக்கும் தெரிய வேணாம்” என்றார். திட்டு விழவில்லை என்ற நிம்மதியில் கேன்டீனுக்குப் போய்த் தயிர்சாதம் சாப்பிட்டேன். அன்று அது எனக்கு ருசித்தது என்பதையும் எழுதி வைக்கிறேன்.

மார்கழியில் ஒரு முற்பகல், பதினொரு மணிக்கு, முதல் சர்வரின் பவர் போர்டு எரிந்தது. அறையெங்கும் தீய்ந்த நாற்றம். ஒரு நிமிஷத்துக்குள் இரண்டாவது சர்வர் வேலையை எடுத்துக்கொண்டது. திரை பச்சையாக மின்னியது. மேனேஜர் கை தட்டினார், நிஜமாகவே தட்டினார். முதலாளிக்குப் போன் போட்டு, “மாறினதே தெரியல சார்” என்றார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். கார்த்திகையில் எங்களுக்குள் பேசியது அவருக்கு நினைவிருந்ததா என்று அந்த முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த நேரத்தில்தான் டிஸ்பேட்சிலிருந்து அக்கா மூச்சு வாங்க ஓடி வந்தார். கையில் அப்போதுதான் அச்சான ஒரு லேபிள்.

“சார், இது தப்பு நெம்பரு சார். பூஜ முடிஞ்சி லைன் ஏத்துன அன்னிக்கி ஒட்டின நெம்பரு இது. சொவத்துல சாமி படத்துக்குக் கீய ஒட்டி வெச்சிகீறேன், வந்து பாருங்க. ரெண்டும் ஒண்ணு சார்.”

மேனேஜர் லேபிளை வாங்கக்கூட இல்லை. விரலால் திரையைக் காட்டினார். “பச்சையா இருக்கா இல்லையா?”

“இருக்கு சார். ஆனா நெம்பரு...”

“நீ சிஸ்டத்துக்கு மேலயாம்மா? போய் ஒட்டு. லாரிய அனுப்பு. லைன் நின்னா நீ பதில் சொல்லுவியா?”

அக்கா என்னைப் பார்த்தார். இரண்டாவது சர்வருக்கு ஆயுத பூஜைக்குப் பிறகு நடந்த எதுவுமே தெரியாது, அது விட்ட இடத்திலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை போதும். நான் விசைப்பலகையில் ஏதோ செய்வதுபோல் குனிந்துகொண்டேன். அவர் திரும்பிப் போகும் காலடிச் சத்தம் நடைபாதை முழுக்கக் கேட்டது.

லாரி போனது. கார் தொழிற்சாலை வாசலில் ஸ்கேனர் அத்தனை லேபிளையும் தள்ளிவிட்டது. இந்த எண்கள் எல்லாம் எப்போதோ வந்து, காரில் பொருத்தி, காரும் விற்றுப்போய்விட்டது என்றார்கள். இருக்கைகள் வாசலிலேயே நின்றன, உள்ளே கார் லைன் நின்றது. சாயங்காலம் போர்டை மாற்றி முதல் சர்வரை எழுப்பிய பிறகுதான் எங்களுக்குச் சரியான எண் கிடைத்தது. நகலெடுப்பையும் நான் சத்தமில்லாமல் தொடங்கி வைத்தேன்.

மறுநாள் என்ன நடந்தது என்று அறிக்கை கொடுக்க வேண்டியிருந்தது. மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். ‘சர்வர் மாற்றம் வெற்றிகரமாக நடந்தது. அச்சான லேபிள்களின் எண்களைச் சரிபார்க்காமல் ஒட்டியது ஆபரேட்டரின் தவறு.’ அதன் கீழே அக்காவின் பெயர், ஊழியர் எண். தயாரித்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து. சொல்லிக்கொண்டே அவர் முறுக்கு தின்றார். அதன் துகள்கள் என் விசைப்பலகையில் விழுந்தன. அந்த மனிதரை நான் முழுசாக வெறுக்கத் தொடங்கியது அந்த நிமிஷத்தில்தான். வெறுத்துக்கொண்டே எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்துக் கொடுத்தேன்.

அக்காவுக்கு அந்தப் பொங்கலுக்குப் பர்மனென்ட் ஆணை வர வேண்டியிருந்தது. நேர்காணல் முடிந்து, மருத்துவப் பரிசோதனையும் முடிந்து, வீட்டில் கடவுளுக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார். ஆணைக்குப் பதில் காண்ட்ராக்ட் முடிந்த கடிதம் வந்தது. அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்தவர் என் மேசை முன்னால் நின்றார்.

“நான் ஓடியாந்து சொன்னனா இல்லியா சார்? நீங்க அங்கதான நின்னுகினு இருந்தீங்க?”

“ஆமாக்கா” என்றேன். அவர் அட்டையை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த ஆடிட்டுக்கு முன் மேனேஜர் டிஸ்பேட்ச் சுவருக்கு வெள்ளையடிக்கச் சொன்னார். சாமி படத்தைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டினார்கள். கீழே இருந்த லேபிள்கள் எல்லாம் சுரண்டப்பட்டன.

மேனேஜர் இன்றைக்கு வேறொரு பெரிய கம்பெனியில் இன்னும் பெரிய பதவியில் இருக்கிறார். ‘ஒரு நிமிடத்துக்குள் மாறிய சர்வர்’ பற்றித் தண்டலம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் மாணவர்களுக்குப் பேசினாராம். கேட்டவர் ஒருவர் சொன்னார், அருமையாகப் பேசினாராம். இருக்கும். பிடுங்கிப் பார்க்காத விஷயத்தைப் பற்றிப் பேசுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

அவர் நாற்காலி எனக்கு வந்தது. முதல் வேலையாக ரிசப்ஷன் திரையைக் கழற்றினேன். புதிதாக மென்பொருள் தேர்வு செய்தோம். என் தாளில் ஐம்பது வரிசை இல்லை, முதல் வரிசையில் ஒரே கேள்வி: இப்போது பிடுங்கினால் என்ன ஆகும்? வந்தவர்களை சர்வர் அறைக்கே கூட்டிப் போய், லேபிள் அச்சாகிக்கொண்டிருக்கும்போதே அந்த நீலக் கேபிளை உருவினேன். ஒரு கம்பெனிதான் தாங்கியது, அதை வாங்கினோம். கேபிளைக் கழற்றி என் இழுப்பறையில் போட்டேன். இப்போது மாதத்தின் முதல் திங்கட்கிழமை பதினொரு மணிக்கு, லைன் முழு வேகத்தில் ஓடும்போது, நானே போய்ப் புதுக் கேபிளைப் பிடுங்குகிறேன். சுற்றுவட்டாரக் கம்பெனிகளின் ஐ.டி. ஆட்கள் கூடுகிற கூட்டங்களில் இதைச் சொல்லச் சொல்லி என்னைக் கூப்பிடுகிறார்கள். அந்தக் கேள்விக்கு என் பெயரையே வைத்துவிட்டார்கள். யாரிடமும் நான் மறுத்ததில்லை. மேடையில் நின்று அந்தக் கைதட்டலை வாங்கும்போது பழைய மேனேஜர் கை தட்டிய சத்தம் காதில் கேட்கிறது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

போன மாதம் வண்டி சர்வீசுக்குப் போயிருந்ததால் ரயிலில் வந்து சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கினேன். ஷேர் ஆட்டோவில் எனக்கு முன்பே அக்கா உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு டிபன் பை. முடி நரைத்திருந்தது. நகர்ந்து இடம் கொடுத்தார். எங்கே வேலை என்று கேட்டேன். ஒரு அட்டைப்பெட்டி குடோனில் தினக்கூலி என்றார். பெரிய கம்பெனிகளில் முயற்சி செய்யவில்லையா என்று கேட்டுவிட்டேன். நான் கேட்டிருக்கக் கூடாது.

“அஞ்சு கம்பெனி கேட்டு ஏறி எறங்கினேன் சார். எல்லாரும் உங்க ஆபீசுக்குதான் போன் போட்டு கேக்கறாங்க. தப்பு லேபிள் ஒட்டினவங்கன்னு அங்க சொல்றாங்களாம்.” சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “அந்த பேப்பர்ல என் பேரு இன்னும் இருக்குதா சார்?”

“பாக்கறேன்கா” என்றேன்.

அவர் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்க பாக்கறது எனக்குத் தெரியாதா சார்? அன்னிக்கும் பாத்துகினுதான இருந்தீங்க” என்றார். குடோன் வந்ததும் இறங்கிப் போய்விட்டார், திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த அறிக்கையைத் திருத்தும் அதிகாரம் இன்றைக்கு என்னிடம்தான் இருக்கிறது. அவர் பெயரை எடுத்தால் அந்த இடத்தில் யார் பெயரைப் போடுவது என்று கேட்பார்கள். நகலெடுப்பு நின்றிருப்பது கார்த்திகை மாதமே யாருக்குத் தெரிந்திருந்தது, தயாரித்தவர் என்று கையெழுத்துப் போட்டவர் யார் என்று கேட்பார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டேன். இந்த மாதமும் திங்கட்கிழமை வந்தது. இழுப்பறையை மூடிவிட்டு சர்வர் அறைக்குப் போனேன். ஷூவோடுதான் நுழைந்தேன். பதினொரு மணிக்குக் கேபிளைப் பிடுங்கினேன். இரண்டாவது சர்வர் எழுந்தது. எல்லாம் பத்திரமாக நகலாகியிருக்கிறதா என்று பார்க்க ஏதாவது ஒரு பழைய கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும். நான் ஒவ்வொரு மாதமும் அந்த அறிக்கையைத்தான் திறக்கிறேன். இந்த முறையும் திறந்தது. அக்காவின் பெயர், ஊழியர் எண், என் கையெழுத்து, ஒரு புள்ளிகூடக் குறையாமல் இருந்தன. சோதனை வெற்றி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.